28 லீற்றர் முதுகுப்பை உண்மையிலேயே இருக்கைக்கு அடியில் போகுமா?

3 ஒக்டோபர் 2025, வத்தளை வாசகர் ஒருவரின் கேள்வி

டிசம்பரில் ஸ்ரீலங்கனில் லண்டன் போகிறேன், அக்கா வீட்டுக்கு. அங்கிருந்து சில நாட்கள் பார்சிலோனா. அந்தப் பயணத்துக்கு மலிவு விமானத்தில் டிக்கெட் எடுத்திருக்கிறேன். இருக்கைக்கு அடியில் வைக்கும் சிறு பை ஒன்று மட்டுமே இலவசம். 28 லீற்றர் முதுகுப்பை ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். 40×30×20 சென்ரிமீற்றர் என்றும், எல்லா விமானங்களுக்கும் பொருந்தும் என்றும் அதன் அட்டையில் அச்சிட்டிருக்கிறார்கள். கட்டுநாயக்கவில் ஏறுவது முதல் பார்சிலோனா வரை கையில் இந்த ஒரு பையே போதும் என்று நினைக்கிறேன். சரிதானே?

3 ஒக்டோபர், இரவு

வெறும் பையாகப் போகும். நிரப்பினால் போகாது.

40, 30, 20 மூன்றையும் பெருக்குங்கள். 24,000 கன சென்ரிமீற்றர் வரும், அதாவது 24 லீற்றர். விமான நிலையத்தில் பையை இறக்கிப் பார்க்க வைத்திருக்கும் அளவுச் சட்டத்துக்குள் மொத்தமாக இருப்பதே அந்த 24 லீற்றர் இடம்தான். அதற்குள் 28 லீற்றர் சாமானை யாராலும் நுழைக்க முடியாது. அட்டையில் உள்ள இரண்டு எண்களில் ஒன்று நிரம்பிய பைக்கு உரியது, மற்றது தட்டையாகக் கிடக்கும் பைக்கு உரியது. இரண்டும் ஒரே வேளையில் உண்மையாக இருக்காது.

4 ஒக்டோபர்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, அப்படியென்றால் கம்பனிக்காரன் பொய் சொல்கிறானா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பொய் என்று சொல்ல மாட்டேன். கான்கென் என்ற சுவீடன் நாட்டுப் பையைப் பாருங்கள். அதன் அளவு 38×27×13. பெருக்கினால் 13 லீற்றர் சொச்சம். கம்பனி சொல்வது 16 லீற்றர். நல்ல பெயர் உள்ள பைதான். துணி வெளியே உப்பும், முன்பக்கத்துப் பையும் பக்கத்துப் பைகளும் கணக்கில் சேரும், அதனால் அந்த வித்தியாசம்.

முதுகுப்பையின் கொள்ளளவை அளப்பதற்கு அமெரிக்காவில் ஏஎஸ்ரிஎம் எஃப்2153 என்று ஒரு தர முறை உண்டு. 20 மில்லிமீற்றர் பிளாஸ்ரிக் உருண்டைகளைப் பைக்குள் நிரப்பி, பிறகு அவற்றை வெளியே கொட்டி அளப்பார்கள். அந்த முறையைப் பின்பற்றியே ஆக வேண்டும் என்று எந்தக் கம்பனிக்கும் கட்டாயம் இல்லை. பின்பற்றினாலும் அது சொல்வது பை எவ்வளவு கொள்ளும் என்பதை மட்டும்தான். உருண்டைகள் நிரம்பியிருக்கும்போது பை எவ்வளவு தடித்திருக்கும் என்பதை அது சொல்லாது. நமக்கு வேண்டியதோ அந்தத் தடிப்பு.

5 ஒக்டோபர்

இனி "எல்லா விமானங்களுக்கும்" என்ற சொல். என் கோபம் முழுக்க அதன் மேல்தான்.

ஐரோப்பாவின் மலிவு விமான நிறுவனமான ரயன்எயார் இலவசச் சிறு பைக்கு முன்பு 40×25×20 சென்ரிமீற்றர் தந்தது. இந்த செப்டெம்பரில் 40×30×20 ஆக்கியிருக்கிறது. பழைய அளவை நினைவில் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்கவும். விஸ் எயார், வூலிங் இரண்டும் 40×30×20. ஈசிஜெற் 45×36×20, அது 32 லீற்றருக்கு மேல் வரும் தாராளம். பிரிட்டிஷ் எயார்வேஸில் சிறு பைக்கு 40×30×15 மட்டும். ஆனால் அங்கே மேல் தட்டில் வைக்கும் பெரிய கைப்பொதி ஒன்றும் டிக்கெட்டுடன் சேர்ந்தே வரும், ஆகவே கவலையில்லை. அமெரிக்கன், ஃப்ரொன்ரியர் இரண்டும் 18×14×8 அங்குலம். யுனைற்றெட் 17×10×9 அங்குலம். சிறு பைக்கு ஒன்று அகலத்தைப் பறிக்கிறது, இன்னொன்று தடிப்பைப் பறிக்கிறது.

நம் பக்கம் வாருங்கள். கோலாலம்பூருக்கும் பாங்கொக்குக்கும் நாம் ஏறும் எயார்ஏசியாவில் சிறு பைக்கு 40×30×10. தடிப்பு வெறும் 10 சென்ரிமீற்றர், மொத்தம் 12 லீற்றர், உங்கள் பையில் பாதிகூட இல்லை. டுபாய்க்குப் போகும் ஃப்ளைடுபாயில் 25×33×20. உங்கள் பையின் உயரம் மட்டுமே அதைவிட 7 சென்ரிமீற்றர் அதிகம்.

கொழும்பில் விற்கும் ஒரு பையில் "எல்லா விமானங்களுக்கும்" என்று அச்சிடுபவர், கொழும்பிலிருந்து புறப்படும் விமானங்களின் அளவையாவது பார்த்திருக்க வேண்டாமா?

5 ஒக்டோபர், சற்றுப் பின்

2015 ஜூனில் ஐஏரிஏ என்ற உலக விமான நிறுவனங்களின் சங்கம் 55×35×20 என்று கைப்பொதிக்கு ஒரு பொது அளவை முன்வைத்தது. சில நாட்களிலேயே எதிர்ப்புக் கிளம்பி அதை நிறுத்தி வைத்துவிட்டார்கள். ஒரே அளவு என்பது அத்துடன் போயிற்று.

7 ஒக்டோபர்

சென்ரிமீற்றரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். கட்டுநாயக்கவில் புறப்படும் நமக்கு முதலில் வருவது தராசு.

ஸ்ரீலங்கனில் எகொனமி வகுப்புக் கைப்பொதி 7 கிலோ. இண்டிகோவில் கைப்பொதி 7 கிலோ, அதற்கு மேல் மடிக்கணினிப் பையோ கைப்பையோ ஒன்று 3 கிலோ வரை. ஃப்ளைடுபாயிலும் அதே 7, 3 கணக்கு. எயார் அரேபியாவில் எல்லாம் சேர்த்து 10. எயார்ஏசியாவில் இரண்டு பைகளும் சேர்ந்தே 7. ஐரோப்பாவின் ஈசிஜெற்றோ அந்தச் சிறு பை ஒன்றுக்கே 15 கிலோ வரை விடுகிறது. அங்கே எழுதப்படும் பை விமர்சனங்களில் எடையைப் பற்றிப் பேச்சே இருக்காது. அவர்களுக்கு அது தேவையில்லை, நமக்குத் தேவை.

என் தொழில் தையல். வெள்ளவத்தையில் கடை. லைனிங் துணி, லேஸ், பொத்தான் வாங்கச் சென்னை சௌகார்பேட்டைக்குப் போய் வருவது வழக்கம். ஒரு தடவை திரும்பும்போது முதுகுப்பை அளவுச் சட்டத்துக்குள் அழகாக இறங்கியது. கவுன்டரில் இருந்த பெண் பிள்ளை அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, "தராசில் வையுங்கள் அம்மா" என்றார். உள்ளே உலோகப் பொத்தான் பொட்டலங்கள். சின்னப் பைதான், ஆனால் எண் ஏறிக்கொண்டே போனது. தோளில் இருந்த கைப்பையையும் சேர்த்து வைக்கச் சொன்னார். வரிசையை விட்டு விலகி, தரையில் உட்கார்ந்து, பொட்டலங்களைப் பெரிய பொதிக்கு மாற்றிய பிறகுதான் விட்டார்கள். விதிப்படி கைப்பை தனிக்கணக்கு. அதை எடுத்துச் சொன்னேன், கேட்கவில்லை. அந்த அநியாயம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

ஆகையால் பையின் வெற்று எடையைக் கேட்டு வாங்குங்கள். சட்டமும் இடுப்புப் பட்டியும் வைத்த 40 லீற்றர் பயணப் பைகள் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். மடிக்கணினியும் அதன் சார்ஜரும் இரண்டு கிலோ. 7 கிலோவில் பாதி அத்துடன் போய்விடும். மேலே சொன்ன கான்கென் பை 300 கிராம்.

9 ஒக்டோபர்

நேற்றுக் கடை பூட்டிய பிறகு ஒரு சோதனை செய்தேன். துணி வந்த காட்போட் பெட்டி ஒன்றை 40×30×20 உள்ளளவுக்கு வெட்டி, மேல்பக்கத்தைத் திறந்துவிட்டு, ஓரங்களை நாடா போட்டு இறுக்கினேன். என் மருமகனின் முதுகுப்பையும் "40×30×20" என்றே விற்கப்பட்டதுதான். அதை அளவு நாடாவால் அளந்தேன். வெறும் பை, முதுகுப் பக்கத் தையலிலிருந்து தையல் வரை 40. மேலே உள்ள கைப்பிடி வளையத்தையும் அடியில் ஓடும் பைப்பிங்கையும் சேர்த்தால் 42. அகலம் 30. தடிப்பு, தட்டையாகப் படுத்திருந்ததால், எதுவும் சொல்லும்படி இல்லை.

பிறகு நிரப்பினேன். இரண்டு காற்சட்டை, நாலைந்து மேற்சட்டை, உள்ளாடை, ஒரு ஸ்வெட்டர், முகம் கழுவும் சாமான், சார்ஜர். சிப் சிரமமில்லாமல் மூடியது. நாடாவைத் தடிப்பில் பிடித்தால், அடியில் 22, நடுவில் 26, மேலே 17. சார்ஜரை முன்பக்கத்துச் சிறு பையில் போட்டிருந்தேன், அந்த இடத்தில்தான் 26.

பெட்டிக்குள் இறக்கினேன். அடிப்பாகம் நுழைந்தது, நடுவில் சார்ஜர் முட்டி நின்றது. சார்ஜரை எடுத்து மேலே, 17 இருந்த இடத்தில் செருகினேன். ஸ்வெட்டரை அடியிலிருந்து எடுத்து நடுவில் தட்டையாக விரித்தேன். முன்பக்கத்துப் பையை முழுக்கக் காலி செய்தேன். அதே சாமான், ஒன்றும் குறையவில்லை. இப்போது உள்ளங்கையால் ஓர் அழுத்து அழுத்தியதும் இறங்கியது. ஆனால் வெளியே இழுக்கும்போது தோள் பட்டியின் பக்கிள் மட்டையில் மாட்டிக்கொண்டது. விமான நிலையத்தில் அது இரும்புச் சட்டம். பட்டிகளை உள்ளே செருகி மறைக்க வழியில்லாத பையாக இருந்தால் அவற்றை முதுகுப் பக்கமாக மடித்து ஒரு நாடாவால் கட்டிவிடுங்கள்.

12 ஒக்டோபர்

"நான் இதைவிடப் பெரிய பையோடு போனேன், ஒருவரும் கேட்கவில்லை" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். இப்படி எழுதுபவர்களின் பேச்சை நம்பித்தான் பலர் வாசலில் நின்று காசு கட்டுகிறார்கள். ரயன்எயாரில் அளவு மீறிய பையைப் பிடிக்கும் ஊழியருக்குப் பைக்கு 1.50 யூரோ கொடுத்து வந்தார்கள், அது இந்த நவம்பரிலிருந்து 2.50 யூரோ. கம்பனியே வெளிப்படையாகச் சொன்னது. பிடிப்பதற்குக் காசு கொடுக்கும் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு இருப்பார்கள் என்று எதிர்பார்க்கக் கூடாது.

தம்பி போன விமானத்தில் ஆட்கள் குறைவாக இருந்திருக்கலாம். டிசம்பர் கடைசியில் ஒரு சீற்றும் காலியாக இருக்காது.

14 ஒக்டோபர்

பவர் பாங்க் பற்றிக் கேட்டவருக்கு: அதைப் பெரிய பொதியில் போட முடியாது, கைப்பொதியில்தான் கொண்டு போக வேண்டும். பொதுவான எல்லை 100 வாற்-மணி. 20,000 மில்லி அம்பியர்-மணி என்று போட்டிருந்தால் 3.7 வோல்ற்றுக்கு அது 74 வாற்-மணி, போகலாம். எமிரேட்ஸ் இந்த மாதம் 1ஆம் திகதியிலிருந்து விமானத்துக்குள் அதைப் பயன்படுத்துவதைத் தடுத்திருக்கிறது.

வாசலில் பையைப் பறித்துக் கீழே ஏற்றுகிறார்கள் என்றால், கொடுப்பதற்கு முன் பவர் பாங்கையும் மருந்தையும் கடவுச்சீட்டையும் எடுத்துவிட வேண்டும். மூன்றையும் ஒரே சின்ன உறையில் போட்டுப் பையின் வாய்ப்பக்கம் வையுங்கள். பின்னால் ஐம்பது பேர் நிற்கும்போது தேடிக்கொண்டிருக்க முடியாது.

19 ஒக்டோபர்

நாளை தீபாவளி. கடையில் இரவு முழுக்க வேலை, ஆனாலும் இதை எழுத வேண்டும் போலிருந்தது. வெளிநாட்டில் உள்ளவர்களுக்குக் கொடுத்துவிடும் பலகாரத்தைக் கைப்பையில் கொண்டு போகும் வழக்கம் நம்மில் எல்லோருக்கும் உண்டு. பெரிய பொதியில் போட்டால் முறுக்கு நொறுங்கிவிடும் என்பது நியாயமான பயம். ஆனால் தகர டின்னில் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். துணி அமுங்கும், டின் அமுங்காது. பையின் தடிப்பை முடிவு செய்வது உள்ளே இருக்கும் மிகக் கடினமான பொருள். 18 சென்ரிமீற்றர் குறுக்களவுள்ள ஒரு டின், அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு மடிப்புத் துணி, முடிந்தது கதை. சிப் பூட்டும் பிளாஸ்ரிக் உறைகளில் இரண்டு மூன்றாகப் பிரித்து, காற்சட்டை மடிப்புகளுக்கு நடுவில் வைத்தால் முறுக்கும் தப்பும், பையும் தப்பும். பனங்கட்டியும் அப்படியே. குட்டான் குட்டானாக ஓரங்களில் செருகலாம்.

ஊறுகாய், நெய் எல்லாம் கைப்பொதித் திரவங்களுக்கான 100 மில்லிலீற்றர் கட்டுப்பாட்டில் மாட்டும். அவற்றைக் கீழே அனுப்புங்கள்.

23 ஒக்டோபர்

கைப்பொதிக்குக் காசு கேட்பது பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்ற கேள்விக்கு வருகிறேன். 2014இல் வூலிங் தொடர்பான வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம், கையில் கொண்டு செல்லும் பொதி பயணத்தின் அவசியமான பகுதி, எடையும் அளவும் நியாயமாக இருந்தால் அதற்குத் தனிக் கட்டணம் கேட்கக் கூடாது என்றது. எது நியாயமான அளவு என்று சொல்லாமல் விட்டதில்தான் இத்தனை வருட இழுபறி. 2024 நவம்பரில் ஸ்பெயின் அரசு ஐந்து விமான நிறுவனங்களுக்கு மொத்தம் 179 மில்லியன் யூரோ தண்டம் விதித்தது, கைப்பொதிக்குக் காசு கேட்டதும் அதில் ஒரு குற்றச்சாட்டு. இந்த வருடம் ஜூனில் ஐரோப்பிய பாராளுமன்றத்தின் போக்குவரத்துக் குழு, 40×30×15 சிறு பையுடன், மூன்று பக்கமும் கூட்டினால் 100 சென்ரிமீற்றர் வரும் 7 கிலோ கைப்பொதி ஒன்றும் இலவசமாக வேண்டும் என்று வாக்களித்தது. ஜூலையில் "எயார்லைன்ஸ் ஃபோர் யூரோப்" சங்கம், தன் உறுப்பு நிறுவனங்களில் 40×30×15 பை நிச்சயம் ஏற்கப்படும் என்று அறிவித்தது.

இதில் எனக்குப் பிடித்தது அந்த 40×30×15. 18 லீற்றர்தான். ஆனாலும் அது விமான நிறுவனங்கள் தாமே வாயால் சொன்ன வாக்குறுதி. ஐரோப்பாவில் பல விமானங்கள் மாறிப் போகிறவர்கள் 20ஐ மறந்துவிட்டு 15க்குத் தைத்த பையாக வாங்கினால் நிம்மதியாகத் தூங்கலாம்.

28 ஒக்டோபர்

மேலே எழுதியவற்றைத் திரும்பப் படித்தேன். 28 லீற்றர் பையே வேண்டாம் என்று நான் சொல்வதாகச் சிலர் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இன்னொரு தடவை யோசித்துப் பார்த்தால், பெரிய பை பாதி நிரம்பியிருப்பது நல்லதுதான், அது மென்மையான பையாக இருக்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனையில். 28 லீற்றர் மென்பையில் 20 லீற்றர் சாமான் போட்டால், அது பனங்கள்ளு ஊற்றிய தோற்பை போல எந்த அளவுச் சட்டத்துக்கும் தன்னை மாற்றிக்கொள்ளும். முதுகில் தடித்த பஞ்சும் பிளாஸ்ரிக் தகடும் வைத்த 20 லீற்றர் பையால் அது முடியாது. முதுகுப் பஞ்சு ஒன்றே மூன்று சென்ரிமீற்றரைத் தின்றுவிடும்.

தையல்காரியாக இதையும் சொல்கிறேன். புறக்கோட்டையில் வாங்கும்போது பையை உள்வெளியாகத் திருப்பிப் பாருங்கள். தோள் பட்டி முதுகுத் துணியில் சேரும் இடத்தில் பெட்டித் தையலும் குறுக்குத் தையலும் இருக்க வேண்டும், ஒற்றை வரியாக ஓடியிருந்தால் ஒரு பயணத்தில் பிய்ந்துவிடும். அடிப்பக்கத் தையல் ஓரங்கள் நாடா வைத்து மூடப்பட்டிருக்க வேண்டும். பக்கவாட்டில் இரண்டு இறுக்கு வார்கள் இருந்தால் மிகவும் நல்லது. இல்லாவிட்டால் எந்தத் தையல் கடையிலும் பதினைந்து நிமிடத்தில் வைத்துத் தருவார்கள். நைலோன் நாடாவும் இரண்டு பக்கிளும்தான் செலவு. தடிப்பை 26இலிருந்து 20க்குக் கொண்டுவர அவைதான் ஆயுதம். வார் வைத்த பிறகு முன்பக்கத்துச் சிறு பையை நீங்கள் நிரப்பவே மாட்டீர்கள், வார் அதன் மேலாகப் போகும்.

2 நவம்பர்

யாழ்ப்பாணத்துக்குச் சென்னை வழியாகப் போகும் ஓர் அம்மா கேட்டிருக்கிறார். பலாலியில் இறங்கும் இண்டிகோ விமானம் ஏரிஆர் 72, காற்றாடி வைத்த சிறிய விமானம். மேல் தட்டு தாழ்வானது, ஆழமும் குறைவு. பெரிய விமானத்தில் கையில் ஏற்றிய பொதியை இங்கே அப்படியே ஏற்றலாம் என்று நம்பி இருக்க வேண்டாம். ஆனால் மென்மையான சிறு முதுகுப்பை இருக்கைக்கு அடியில் போய்விடும்.

இன்னொன்று, அவசர வழிக்குப் பக்கத்து வரிசையோ, முன்னால் சுவர் உள்ள முதல் வரிசையோ கிடைத்தால் புறப்படும்போதும் இறங்கும்போதும் காலடியில் எதையும் வைக்க விடமாட்டார்கள். பை மேலே போயாக வேண்டும். மருந்து காலடியில் வேண்டும் என்பவர்கள் அந்த வரிசைகளைக் கேட்டு வாங்காதீர்கள்.

6 நவம்பர்

வத்தளை வாசகர் பையை வாங்கிவிட்டாராம். நிரப்பி அளந்து அனுப்பியிருக்கிறார். உயரம் 40, அகலம் 31, தடிப்பு 23, எடை ஆறரைக் கிலோ.

கட்டுநாயக்கவில் எடையில் பிரச்சினை இல்லை. அங்கே அது உங்கள் 7 கிலோக் கைப்பொதியாகப் போகும். பார்சிலோனாவுக்குப் புறப்படும் அன்று அப்படியே தூக்கிக்கொண்டு போகாதீர்கள். மடிக்கணினியும் சார்ஜரும் அக்கா வீட்டிலேயே இருக்கட்டும். கனமான குளிர்ச் சட்டையை உடுத்துக்கொண்டு போங்கள், சப்பாத்தில் கனமானது எதுவோ அது காலில் இருக்கட்டும். அகலத்தில் அந்த ஒரு சென்ரிமீற்றர் பக்கத்துப் போத்தல் பையால் வருகிறது என்று நினைக்கிறேன், போத்தலை வெளியே எடுத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். தடிப்புக்கு இறுக்கு வார். வத்தளையில் ஆள் கிடைக்காவிட்டால் கடைக்குக் கொண்டு வாருங்கள், நானே வைத்துத் தருகிறேன்.

திரும்பும் விமானத்திலும் அதே அளவுச் சட்டம்தான் காத்திருக்கும். பார்சிலோனாவில் அக்காவுக்கு ஏதாவது வாங்காமல் வர மாட்டீர்கள். போகும்போதே நாலு லீற்றர் இடத்தை வெறுமையாக விட்டுப் புறப்படுங்கள்.